தடம் பற்றி ஆய்வு செய்ய வருவோருக்கு: வன்னி நிலத்திலிருந்து ஒரு வழிகாட்டி

கிளிநொச்சி நகரை ஒட்டி, ஏ9 வீதியில், கரடிப்போக்கு என்றொரு சந்தி இருக்கிறது. இன்று அங்கே பேருந்துகளும் உழவு இயந்திரங்களும் போய்வருகின்றன. ஒரு காலத்தில் கரடிகள் வழமையாகக் கடந்து சென்ற இடம் அது என்று பெயர் மட்டும் சொல்லிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பெயரைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா? எடுத்துக்கொள்வதானால் எந்த அளவுக்கு? விலங்கியல் படித்தவர் பழைய காட்டின் எல்லையைத் தேடுவார். மொழியியல் படித்தவர் 'போக்கு' என்ற சொல் இந்தப் பக்கத்து இடப்பெயர்களில் எவ்வாறு வழங்குகிறது என்று பார்ப்பார். வரலாறு படித்தவர் பழைய நில அளவைப் படங்களை விரிப்பார். சமூகவியல் படித்தவர் அங்கு முதலில் குடியேறிய குடும்பங்களிடம் கதை கேட்பார். நால்வருக்கும் முன்னால் இருப்பது ஒரே சிக்கல்தான். போனது போய்விட்டது; போன வழி ஏதோ ஓர் உருவில் மிஞ்சியிருக்கிறது; அதை வைத்துக்கொண்டு போனதைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?

இந்தச் சிக்கலை முதுதத்துவமாணி அல்லது கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வாக எடுக்க நினைக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகியிருப்பதாலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குவதாலும், காலையில் காட்டோரத்திலும் மாலையில் நூலகத்திலும் இருக்கக்கூடிய வாய்ப்பு வன்னி மாணவருக்கு இன்று கிடைத்திருக்கிறது. எங்களுக்கு முந்தியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. ஆகவே அதை வீணாக்காமல் பயன்படுத்த வேண்டும் என்ற அக்கறையோடுதான் சில இடங்களில் அழுத்தமாகச் சொல்கிறேன்.

சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடைத்துவைத்திருக்கும் பல கருத்துகளுக்குத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஒருமுறை கால் வைத்ததால் மண்ணில் விழுவது சுவடு. பலமுறை போய்வந்ததால் நிலத்தில் உண்டாவது தடம். ஒரு கேள்விக்கு விடையாக நாம் எடுத்துக்காட்டும்போதுதான் அந்தச் சுவடு தடயமாகிறது. சுவட்டைப் பார்த்துப் பார்த்துப் போவது பின்தொடர்தல். வன்னியில் மாடு தேடிப் போகிறவர்கள் இதை 'அடி பார்க்கிறது' என்பார்கள். போகிறவர் அறியாமலோ விரும்பாமலோ அவர் போக்கை ஒருவர் பதிவுசெய்வது கண்காணிப்பு. உங்கள் ஆய்வு இவற்றுள் எதைப் பற்றியது என்பதை முன்மொழிவின் முதற் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இதைச் செய்யாத முன்மொழிவுகளில், யானையின் ஒரு காலடி யானைத் தடமாகவும், அந்தத் தடம் அடுத்த பக்கத்தில் யானைகளின் இடப்பெயர்ச்சியாகவும் சொல்லால் மட்டும் வளர்ந்துகொண்டு போவதைக் கண்டிருக்கிறேன். கண்காணிப்பு என்ற சொல்லைப் பற்றி இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: போருக்குள்ளும் போருக்குப் பின்னும் கண்காணிப்பின் கீழ் வாழ்ந்த மக்களிடம் நீங்கள் குறிப்புப் புத்தகத்தோடும் ஜி.பி.எஸ் கருவியோடும் போய் நிற்கப்போகிறீர்கள். நீங்கள் எந்தச் சொல்லைச் சொல்லி உங்கள் வேலையை அறிமுகப்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தே பல வீடுகளின் படலை திறக்கும்.

காலுக்கு முன் மண்

என் முதலாவது களவேலை முத்தையன்கட்டுக் குளத்தின் அலைகரையில் நடந்தது. ஆவணி மாதம், நீர் இறங்கி, கரையோரம் முழுவதும் ஈரச் சேறு வெளியே தெரிந்தது. யானைக் காலடிகள் அச்சு வார்த்ததுபோலப் பதிந்திருந்தன. ஒவ்வொன்றையும் அளந்து, எண்ணிட்டு, படம் எடுத்து, யானைகள் குளத்துக்கு இறங்கும் இடம் இதுதான் என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டிருந்தேன். அருகில் மாட்டுப்பட்டி வைத்திருந்த முதியவர் ஒருவர் மூன்று நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் கிட்ட வந்து, "பிள்ளை, அடியைப் பாக்க முதல் மண்ணைப் பாருங்கோ" என்றார். பிறகு என்னை அழைத்துக்கொண்டு போய், சேறு முடிந்து கிறவல் தொடங்கும் இடத்தில் நிறுத்தினார். அந்தக் கிறவலில் காலடி ஒன்றும் இல்லை. முறிந்த ஒரு வீரைக் கிளையும், காய்ந்து பிளந்த இலத்தியும், மண்ணைப் போர்த்துக் கிடந்த சருகு ஓரிடத்தில் மட்டும் நசிந்திருந்ததும் தெரிந்தன. அதே கூட்டம் அங்காலும் இறங்கியிருக்கிறது. மண் பதிந்த இடத்தை யானை போன இடம் என்று நான் எழுதியிருந்தேன்.

தடம் பற்றிய எந்த ஆய்வுக்கும் இதுவே முதற்படி என்று இப்போது நம்புகிறேன். எல்லா நிலமும் எல்லாவற்றையும் பதிவதில்லை. எதைப் பதியும், எதைப் பதியாது, பதிந்ததை எவ்வளவு காலம் வைத்திருக்கும் என்று நிலத்தைப் பற்றி முதலில் அறிந்த பின்னரே காலைப் பற்றிப் பேசலாம். நிலம் என்று நான் சொல்வது மண்ணை மட்டுமல்ல.

பௌதிகவியலை எடுத்துக்கொள்வோம். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த சி.ரி.ஆர். வில்சன், ஈரப்பதம் மிகைநிரம்பிய காற்றுக்குள் மின்னேற்றமுள்ள துணிக்கைகள் செல்லும்போது அவற்றின் வழிநெடுகிலும் நுண்ணிய நீர்த்துளிகள் படிவதை 1911 இல் படம்பிடித்தார். அதைக் காட்டிய முகிலறை என்ற கருவிக்காக 1927 இல் நோபல் பரிசு பெற்றார். துணிக்கையை யாரும் காணவில்லை, அது போன கோட்டை மட்டுமே கண்டார்கள். ஆனால் மின்னேற்றம் இல்லாத துணிக்கை அந்த அறைக்குள் ஒரு கோட்டையும் விடாது. 1932 இல் ஜேம்ஸ் சட்விக் மின்னேற்றமில்லாத நியூத்திரனைக் கண்டறிந்தபோது, அது மோதி வெளியே தள்ளிய புரோத்தன்கள் போன்ற மற்றத் துணிக்கைகளின் நடத்தையிலிருந்தே அதை அறிய வேண்டியிருந்தது. கிறவலில் முறிந்து கிடந்த கிளைக்கும் இதற்கும் முறையில் வேறுபாடு இல்லை. அதே 1932 இல் கார்ல் அண்டர்சன், நேரேற்றமுள்ள இலத்திரன் எனத்தக்க பொசித்திரனைக் கண்டறிந்த விதமும் தடம் பார்ப்பவருக்குப் பாடமாகும். காந்தப் புலத்தில் வளைந்த ஒரு கோடு, மேலிருந்து கீழே போன மறையேற்றத் துணிக்கையுடையதா, கீழிருந்து மேலே போன நேரேற்றத் துணிக்கையுடையதா என்பதைக் கோட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அவர் முகிலறையின் நடுவில் 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஈயத் தகட்டை வைத்திருந்தார். தகட்டைக் கடந்த துணிக்கை சக்தியை இழந்து, அதன் பின்னர் கூடுதலாக வளைந்தது. எந்தப் பக்கம் வளைவு கூடுதலோ அந்தப் பக்கம் நோக்கித்தான் அது போயிருக்கிறது. திசையை அறிவதற்கு நிலத்திலேயே ஒரு தடையை வைத்துப் பார்க்கலாம் என்பதை நான் அங்கிருந்துதான் கற்றேன்.

மருத்துவத்தில் இதைவிட நெருக்கமான உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. இலங்கையில் 1963 இல் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. நோய் ஒழிந்தது என்று எண்ணித் தேடலும் தெளித்தலும் தளர்ந்தன. 1969 இல் எண்ணிக்கை 5 இலட்சத்தைத் தாண்டியது. தடம் அரிதாகும்போதுதான் தேடலைக் கூட்ட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பின்னாளில், போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலும், காய்ச்சல் உள்ளவர்களைத் தேடிச் சென்று இரத்தம் பரிசோதிக்கும் நடமாடும் குழுக்கள் எட்டாத கிராமங்களுக்குப் போயின. ஒவ்வொரு நோயாளியிடமும் கடந்த வாரங்களில் எங்கே படுத்துறங்கினீர்கள் என்று கேட்டு, அந்த இடத்து நுளம்பு வரை போனார்கள். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. வன்னியில் மலேரியாக் காய்ச்சல் அறியாத வீடு இருந்ததில்லை. அந்தப் பின்தொடர்தல் எவ்வாறு நடந்தது என்பதைக் குடும்பநல உத்தியோகத்தர்களிடமும் ஊர்மக்களிடமும் கேட்டுப் பதிவுசெய்வதே ஒரு முழு ஆய்வாகும். சொல்ல வேண்டியவர்கள் முதுமை அடைந்துகொண்டிருக்கிறார்கள் என்பதால் அதை விரைந்து செய்ய வேண்டும்.

கல்வியியலிலும் தடம் என்று பேசுகிறார்கள். மாணவர்களைப் பிரிவுகளாக்கித் தனித்தனி வழியில் அனுப்புவதைக் குறிக்கிறார்கள். நமது நாட்டில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி வகைப் பாடசாலைகளில் மட்டுமே உண்டு. 1சி வகையில் கலையும் வர்த்தகமும். 2 ஆம் வகையில் 11 ஆம் தரத்தோடு படிப்பு முடியும். துணுக்காய் வலயத்தின் உட்கிராமம் ஒன்றிலுள்ள பிள்ளை கலைப்பிரிவில் படித்தார் என்றால், அந்தத் தடத்தை அவர் தேர்ந்தாரா, வீட்டு வாசலுக்கு வராத பேருந்து தேர்ந்ததா? இதைக் கேட்பதற்குப் பாடசாலையின் சேர்வு இடாப்பு ஒரு நல்ல மண். ஆனால் இடையில் விலகியவர் அதில் பதிவதில்லை. போரில் அழிந்த இடாப்பில் ஒருவருமே இல்லை. விடுகைப் பத்திரம் பெறாமல் போன பிள்ளைகளின் எண்ணிக்கையை முதலில் தேடுங்கள். அந்த இடைவெளியின் அளவு தெரியாமல் மற்ற எந்த வீதத்தையும் கணிக்காதீர்கள்.

கேள்வியைச் சுருக்குதல்

பல துறைகளைத் தொடும் தலைப்பு என்பதால் எல்லாத் துறைகளையும் தொட வேண்டும் என்ற ஆசை வரும். இரண்டு போதும். நீங்கள் பயின்ற துறை ஒன்று. கடன் வாங்கும் துறை ஒன்று. கடன் வாங்கும் துறையில் ஒரு துணை மேற்பார்வையாளரைத் தேடிக்கொள்ளுங்கள். அவருக்கு உங்கள் துறையின் சொற்களில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, அவர் அதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லும்போது கேள்வி மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாறினால் கேள்வி இன்னும் தெளியவில்லை. 'வன்னியில் மனித யானை மோதல்' என்பது ஆய்வுக் கேள்வி அல்ல. 'மின்வேலி போடப்பட்ட பின்னர் இந்த இரண்டு குளங்களுக்கு இடையில் யானைகள் எந்த வழியை விட்டு எந்த வழியைப் பிடித்தன, அதை ஊரவர் எந்த அடையாளத்தால் முதலில் அறிந்தார்கள்' என்பது கேள்வி.

களத்தில்

வன்னியின் களவேலை நாட்காட்டியை மழை எழுதுகிறது. ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை மாரி. சுவடு விழுந்த அன்றே கழுவுண்டு போகும். ஆடி, ஆவணி, புரட்டாதியில் குளங்கள் வற்றி அலைகரைச் சேறு கிடைக்கும்; ஆனால் அந்நாட்களில் விலங்குகளும் மாடுகளும் மனிதரும் ஒரே நீருக்கு வருவதால் சுவடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எனவே குறைந்தது ஓர் ஆண்டு முழுவதையும் திட்டத்தில் வையுங்கள்.

முதல் மாதத்தை நிலத்தைச் சோதிக்க ஒதுக்குங்கள். நீங்கள் நடக்கப்போகும் பாதை முழுவதிலும், 50 மீற்றருக்கு ஒருமுறை, உங்கள் காலை ஒரே விதமாக ஊன்றி, பதிவின் தெளிவுக்கு 0 முதல் 3 வரை புள்ளி இடுங்கள். அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் எங்கே மண் பேசும், எங்கே பேசாது என்ற வரைபடம் கிடைக்கும். பின்னர் வரும் எல்லாத் தரவையும் அந்த வரைபடத்தின் மேல் வைத்தே வாசிக்க வேண்டும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டியதும் இதனால்தான். விலங்கு அங்கே இருந்தும் ஒரு தடவை போகையில் அதன் அடையாளத்தைக் காணும் வாய்ப்பு 10 இல் 4 என்று வைத்துக்கொள்வோம். மூன்று தடவை போயும் காணாமல் விடும் வாய்ப்பு 0.6 ஐ மூன்று முறை பெருக்கினால் வரும் 0.216, அதாவது ஐந்தில் ஒன்றுக்கும் மேல். ஐந்து தடவை போனால் அது ஏறத்தாழ 8 வீதமாகக் குறையும். 'இங்கே கரடி இல்லை' என்று எழுதும் முன் இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள். ஒன்றும் கிடைக்காத நாட்களையும் திகதியோடு எழுதி வையுங்கள். அவை இல்லாமல் இந்தக் கணக்கே இல்லை.

சுவட்டை இனங்காணுவது பழகப் பழக வரும். யானையின் முன்காலடி வட்டமாகவும் பின்காலடி நீள்வட்டமாகவும் இருக்கும். முன்காலடியின் சுற்றளவை இருமடங்காக்கினால் ஏறத்தாழத் தோள் உயரம் வரும், ஆகவே 1.2 மீற்றர் சுற்றளவு ஏறத்தாழ 2.4 மீற்றர் உயரத்தைக் குறிக்கும். ஆனால் நடக்கும் யானையின் பின்கால் பெரும்பாலும் முன்காலடியின் மேலேயே விழுவதால், எதை அளக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். சிறுத்தையின் அடியில் நான்கு விரல்கள் தெரியும், நகம் தெரியாது. நாயின் அடியில் நகம் தெரியும். கரடிக்கு ஐந்து விரல்களும் நீண்ட நகக்கீறலும். பின்காலடி மனிதக் காலடிபோல நீண்டிருப்பதால் புதியவர்கள் மயங்குவார்கள். படம் எடுக்கும்போது அளவுகோலைச் சுவட்டின் தளத்தோடு ஒட்டி வைத்து, கமெராவை நேர்மேலே பிடியுங்கள். சூரியன் தாழ்ந்திருக்கும் காலையும் மாலையுமே உகந்த நேரம். உச்சி வெயிலில் குழி தட்டையாகிவிடும். ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சுற்றிவர இருபது முப்பது படங்கள் எடுத்தால், கணினியில் முப்பரிமாண உருவத்தை அமைத்து, ஆழத்தையும் பின்னர் அளக்கலாம்.

சுவட்டின் வயதை ஊகிப்பதற்குப் புத்தகம் உதவாது, அந்த மண்தான் உதவும். கண்ட சுவட்டுக்குப் பக்கத்தில் உங்கள் காலைப் பதித்துவிட்டு, ஒவ்வொரு மணித்தியாலமும் இரண்டையும் படம் எடுங்கள். விளிம்பு எப்போது உதிரத் தொடங்குகிறது, எறும்பு எப்போது குறுக்கே போகிறது, பனி விழுந்த பின் என்ன ஆகிறது என்று ஒரு வாரம் பார்த்தால், பிறகு மற்றச் சுவடுகளின் வயது கைக்கு வரும். காலம் மிக நீளும்போது இதே சிக்கல் எவ்வளவு கடுமையாகும் என்பதற்கு அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவிலுள்ள வைற் சாண்ட்ஸ் மனிதக் காலடிகளைப் பாருங்கள். அவை 21,000 முதல் 23,000 ஆண்டுகள் பழையவை என்று 2021 இல் வெளியிட்டபோது, காலத்தைக் கணித்த விதைகள் நீருக்குள் வளரும் தாவரத்தினுடையவை, அவை நீரிலிருந்த பழைய காபனை உறிஞ்சியிருக்கலாம் என்ற மறுப்பு எழுந்தது. ஆய்வாளர்கள் மறுப்பை மதித்து, தரைத் தாவரங்களின் மகரந்தத்தையும் குவார்ட்ஸ் மணிகளையும் கொண்டு மறுபடி கணித்து, 2023 இல் அதே வயதை நிறுவினார்கள். மறுப்பவரைப் பகைவராக எண்ணாதிருக்கும் பண்பு அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

பாதுகாப்பைப் பற்றி ஒரே ஒரு கட்டளை: ஊரவர் இன்றும் நடக்கும் பாதையை விட்டு, மிதிவெடி அகற்றப்பட்டது என்று உறுதியாகாத நிலத்தில் ஓர் அடியும் வைக்காதீர்கள். சுவடு பார்ப்பவரைச் சுவடு காட்டுக்குள் இழுக்கும். அந்த இழுப்பை நான் அறிவேன். மிதிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்தும் இன்னும் முடியாத இடங்கள் உண்டு. விலங்கு போன வழி மனிதருக்குப் பாதுகாப்பான வழி என்று எண்ண முடியாது. கிராம அலுவலரிடமும், விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்களிடமும் கேளுங்கள். தனியே போகாதீர்கள். பொழுதுபட முன் திரும்பிவிடுங்கள். அனுமதிகளையும் முன்கூட்டியே பெறுங்கள்: பாதுகாக்கப்பட்ட பிரதேசத்துக்கும் வனவிலங்குக்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், ஏனைய அரச காட்டுக்கு வனவளத் திணைக்களம், தொல்லிடமானால் தொல்லியல் திணைக்களம், மனிதரிடம் கேள்வி கேட்பதானால் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒழுக்கக் குழு. கடிதங்கள் கைக்கு வர மாதங்கள் ஆகும்.

மனிதர் போன வழி

வன்னியில் தடம் பற்றிப் பேசிவிட்டு இடப்பெயர்வைப் பேசாமல் விடமுடியாது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் மன்னார்ப் பக்கத்திலிருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும், பின்னர் செட்டிகுளம் முகாம்களுக்கும் மக்கள் போன வழிகளை வரைந்து வைப்பது மதிப்புள்ள வேலை. ஆனால் போன வழியைச் சொல்லச் சொல்வது, மறுபடியும் அந்த வழியால் நடக்கச் சொல்வதாகும் என்பதை மறக்காதீர்கள்.

ஒரு முற்றத்தில் தாய் ஒருவர், நான் நீட்டிய தாளை வாங்காமல், ஈர்க்கொன்றை எடுத்து மணலில் வரைந்தார். திகதி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குளம், ஒரு பாலை மரம், உழவு இயந்திரப் பெட்டி சேற்றில் புதைந்த இடம், தையல் இயந்திரத்தை விட்டுவிட்டு வந்த இடம் என்று புள்ளி புள்ளியாக வைத்தார். கடைசிப் புள்ளிக்கு வருமுன் கை நின்றது. சற்று நேரம் இருந்துவிட்டு, உள்ளங்கையால் எல்லாவற்றையும் தடவி அழித்தார். நான் படம் எடுத்திருக்கவில்லை. திரும்ப வரையும்படி கேட்கவுமில்லை. ஆய்வேட்டில் அந்த வீட்டுக்கு உரிய இடத்தில் 'வழி கூறப்பட்டது. பதிவு செய்யப்படவில்லை' என்று மட்டும் எழுதினேன். கேட்க வேண்டியவை, கேட்கக்கூடாதவை என்று ஒழுக்கக் குழு தரும் படிவத்தில் இருப்பது போதாது. எப்போது பேனாவை மூடுவது என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதும் ஒரு தடத்தைத்தான். அவர்களிடம் போகிறவர், தம் பட்டத்துக்கு அப்பால் அவர்களுக்கு எதைத் திருப்பிக் கொடுக்க முடியும் என்பதை முதலில் தமக்குள் தெளிந்துகொண்டு போக வேண்டும்.

கைபேசி விட்டுச்செல்லும் இடத் தரவைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 15 இலட்சம் பேரின் கைபேசித் தரவை ஆராய்ந்து 2013 இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒருவர் எங்கே, எப்போது இருந்தார் என்ற நான்கு புள்ளிகள் தெரிந்தால் 95 வீதமானோரைத் தனித்து இனங்காணலாம் என்று காட்டியது. பெயரை நீக்கிவிட்டேன் என்பது பாதுகாப்பு அல்ல. சில நூறு பேர் வாழும் ஊரில் நான்கு புள்ளிகளும் வேண்டியதில்லை. இலங்கையின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், உங்கள் மேசையில் இருக்கட்டும்.

பழைய வழிகளைத் தேடுவோருக்கு, நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குலப் படங்களும், கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகமும், ஜே.பி. லூயிஸ் என்ற அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895 இல் வெளியிட்ட கைநூலும் தொடக்கமாகும். அவற்றையும் மண்ணாகவே வாசியுங்கள்: வரி, யானை, குளம், வீதி என்று ஆட்சிக்கு வேண்டியவை ஆழமாகப் பதிந்திருக்கும், பெண்கள் தண்ணீருக்குப் போன ஒற்றையடிப்பாதை பதிந்திராது. 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுச் செய்மதிகள் எடுத்து, 1995 இல் வெளியே விடப்பட்ட, 'கொரோனா' என்ற திட்டத்தின் படங்களையும் தேடிப் பாருங்கள். சிரியா, ஈராக் பகுதிகளில் வெண்கலக் காலத்து ஊர்களைச் சுற்றி ஆரக்கால்கள்போல விரிந்த பழைய வழிகளை அந்தப் படங்களே காட்டிக்கொடுத்தன.

அறிந்தவர்களுக்கு உரியது

தென்னாபிரிக்க ஆய்வாளரான லூயிஸ் லீபென்பேர்க், கலகாரி வேட்டைக்காரர்களோடு நடந்து, அடி பார்ப்பதில் ஊகமும் சோதனையும் திருத்தமும் உண்டு, விஞ்ஞானச் சிந்தனையின் வேரே அங்குதான் இருக்கக்கூடும் என்று வாதிட்டார். எழுத்தறியாதவர்களும் தாம் கண்டதைப் பதியத்தக்க படக்குறிகள் கொண்ட மென்பொருளையும் 1990 களில் உருவாக்கினார். அந்த மரியாதையை நாமும் கொடுக்க வேண்டும். தேன் எடுப்பவர், மாடு மேய்ப்பவர், முன்னாளில் வேட்டைக்குப் போனவர் ஆகியோர் சொன்னதை 'தகவலாளிகள் கூறினர்' என்று ஒரு வரியில் அடக்காதீர்கள். கூலி கொடுங்கள், விரும்பினால் பெயர் போடுங்கள், அவர்கள் ஒரு சுவட்டை இனங்கண்டபோது எந்த அடையாளத்தை வைத்துச் சொன்னார்கள் என்பதையும், பின்னர் அது சரியாக இருந்ததா என்பதையும் எழுதுங்கள். அதே வேளை, 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வேட்டையறிவு ஒருவரைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடும் என்பதால், ஆளையும் ஊரையும் மறைக்க வேண்டிய இடத்தில் மறைத்துவிடுங்கள். சிறுத்தை, அழுங்கு போன்றவற்றின் சரியான இடக்குறிப்பையும் அச்சில் வெளியிட வேண்டாம். கண்ணி வைப்பவர்களும் வாசிப்பார்கள்.

இறுதி வரைவை, சமர்ப்பிப்பதற்கு முன், அவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். நான் எனது வரைவை முத்தையன்கட்டுப் பெரியவரிடம் கொண்டுபோனேன். திண்ணையில் இருந்து, வரைபடத்தைக் கையால் தடவிப் பார்த்து, முழுவதையும் கேட்டு முடித்த பின், "வந்த வழி எழுதியிருக்கிறீங்கள் பிள்ளை, போன வழி எங்க?" என்றார். யானைகள் நீர் குடித்த பின் மறுகரையால் ஏறிப் போவதை அவர் பல வருடங்களாகக் கண்டிருக்கிறார். நான் ஒருநாளும் அந்தக் கரைக்குப் போகவில்லை. சமர்ப்பிக்கும் திகதியைத் தள்ளிவைக்க விண்ணப்பித்துவிட்டு மறுபடியும் குளத்துக்குப் போனேன். மறுகரை முழுவதும் கிறவல். காலடி ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் ஏறிப் போகும் வழியிலிருந்த பாலை மரங்களில், யானைகள் உடம்பை உரசிவிட்டுப் போன சேறு, உயரமாகவும் தாழ்வாகவும் காய்ந்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு மரத்திலும் அந்தச் சேற்றின் மேல்விளிம்பை நிலத்திலிருந்து அளந்தேன். அந்த உயரங்களே ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம்.